கதவோரம் நின்று சொன்ன ஸலாம்



சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள என் பெரியம்மாவைப் பார்க்கச் சென்றிருந்தேன். நண்பகல் வேளை. வீட்டில் அவரைத் தவிர எவருமில்லை. ஆயினும் அந்தப் புழுக்கத்திலும் அவர் தலையை இறுக மூடி, துப்பட்டியைத் தோள்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்தில் அமர்ந்திருந்தார். “நான் பிள்ளைதானே பெரியம்மா, எதற்கு இப்படி மூடிக்கொண்டிருக்கிறீர்கள்?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் சுவரின் மேல்மூலையைக் கண்ணால் காட்டினார். அங்கே உள்ளங்கையளவு வெள்ளை நிறக் கேமரா ஒன்று சிறு விளக்கொளியுடன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைப் பொருத்தச் செய்தவர் சவூதியில் பணிபுரியும் அவருடைய மகன். காரணமும் அற்பமானதன்று. இரண்டு மாதங்களுக்கு முன் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, லுஹரிலிருந்து அஸர் வரை எழ முடியாமல் கிடந்தார். பால் வாங்கி வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! அந்தச் செய்தியைக் கடல் கடந்து கேட்ட மகன் அன்றிரவு உறங்கவில்லை. மறுவாரமே கேமரா வந்துவிட்டது. அவருடைய அச்சத்தில் குறைகாண ஒன்றுமில்லை.

பெரியம்மாவும் குறை சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றை மட்டும் சொன்னார்: “அவன் பாக்குறது சரிப்பா. அவன் ரூம்ல அவனோட அஞ்சு பேரு இருக்காங்களே.”

வீடு திரும்பிய பின்னும் அந்தச் சொற்கள் என்னை விடவில்லை. வீட்டுக்குக் காவலும் வேண்டும், வீட்டாருக்கு மறைவும் வேண்டும். இவ்விரண்டையும் நம் முன்னோர் எவ்வாறு சேர்த்துக் காத்தனர்? அவர்கள் வகுத்த ஒழுங்கு இந்தக் கருவிகளுக்கும் பொருந்துமா? இந்தக் கேள்விகளோடு வரலாற்றைப் புரட்டியபோது கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வெளியே பார்த்த காவல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இராஜபாளையம். நூற்பாலைகளுக்கும் மலையடிவார மாந்தோப்புகளுக்கும் பெயர்பெற்ற அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்பது இராஜபாளையம் நாய். உயரமான, வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இனத்தைச் சிறப்பித்து 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. வயலையும் தோட்டத்தையும் தொழுவத்தையும் காப்பதில் இதற்கு நிகர் இல்லை என்பது இப்பகுதியில் அனைவரும் அறிந்ததே.

இஸ்லாமிய மார்க்கம் வீண் பெருமைக்காக நாய் வளர்ப்பதை விரும்பவில்லை. எனினும் கால்நடைக்கும் வேட்டைக்கும் பயிர்க்காவலுக்கும் அனுமதி உண்டு என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ள நபிமொழிகளால் தெரிகிறது. அறிஞர்கள் பலர் வீட்டுக் காவலையும் இவற்றோடு ஒப்பிட்டு அனுமதித்துள்ளனர். தேவை உண்டெனில் அந்தத் தேவையின் அளவுக்கு அனுமதி உண்டு. இந்த அளவுகோலை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அந்தக் காவல் எத்திசை நோக்கியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். நாய் வாசலில் படுத்து வெளியே பார்த்தது. திண்ணையில் அமர்ந்த முதியவர் தெருவைப் பார்த்தார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கதவின் மேல் தொங்கியது. இவற்றுள் எதுவும் வீட்டுக்குள் நடப்பதை வெளியே எடுத்துச் சொல்லவில்லை. காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவுக்கு வராமலே அண்டை வீடுகளுக்குச் சென்றுவர வீடுகளுக்கிடையே குறுகிய முடுக்குகளை அமைத்தனர். கட்டடத்தின் வடிவிலேயே மறைவு கலந்திருந்தது. இன்றைய கருவியோ காவலாளியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அவன் முகத்தை நம்மை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறது. மாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

திரையில்லாத வாசல்கள்

மதீனா நகரில் நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்த காலத்து வீடுகள் மிக எளியவை. பெரும்பாலான வாசல்களில் திரைகூடக் கிடையாது. அதனால் நபியவர்கள் ஒரு வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேரே நிற்கமாட்டார்கள். வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்று ஸலாம் கூறுவார்கள். அப்துல்லாஹ் இப்னு புஸ்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. வீட்டுக்காரரிடம் பூட்டு இல்லை, திரை இல்லை. அவருடைய மறைவைக் காக்கும் பொறுப்பை வெளியே நிற்பவரே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மற்றவர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பதைத் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான சூரத்துந் நூர் 27, 28ஆம் வசனங்களில் கற்பிக்கிறது. வீட்டார் திரும்பிச் செல்லுமாறு கூறினால் மனத்தாங்கலின்றித் திரும்பிவிட வேண்டும் என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது. ஒருமுறை ஒரு மனிதர் நபியவர்களின் வீட்டுச் சுவரிலிருந்த துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். நபியவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் முறை ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கினார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. கால் வாசலைத் தாண்டாவிட்டாலும் கண் தாண்டிவிட்டால் அதுவும் நுழைவே.

அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் மேலாடை களைந்து ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டிலேயே வாழும் பணியாளர்களும் பருவமடையாத சிறுவர்களும்கூட அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது அது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் மனிதருக்கு மறைவான பொழுதுகள் உண்டு என்பதை 1400 ஆண்டுகளுக்கு முன்பே நேரம் குறித்து வரையறுத்த சட்டம் இது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் பதிவு செய்திருக்கும் ஒரு செய்தியும் உண்டு. ஒருவர் நபியவர்களிடம் வந்து, என் தாயிடமும் நான் அனுமதி கேட்க வேண்டுமா என்று வினவுகிறார். ஆம் என்கிறார்கள். நான் அவருடன் ஒரே வீட்டில் வசிக்கிறேனே என்கிறார். அப்போதும் ஆம் என்ற விடையே வருகிறது. நான்தானே அவருக்குப் பணிவிடை செய்கிறேன் என்கிறார் அவர். அதற்கும் அனுமதி கேட்கும்படியே கூறி, தாயை ஆடையற்ற நிலையில் காண விரும்புவாயா என்று நபியவர்கள் வினவுகிறார்கள். இதைப் படித்தபோது பெரியம்மாவின் கூடத்துச் சுவர் என் கண்முன் நின்றது. பணிவிடை செய்யும் மகன் என்ற உரிமை அன்றே முன்வைக்கப்பட்டது. அது அனுமதிக்கு ஈடாகாது என்ற தீர்ப்பும் அன்றே வந்துவிட்டது.

வசதியை வெறுக்காத மரபு

இதனால் கருவிகளையே ஒதுக்கிவிட வேண்டும் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. தானாக இயங்கும் பொறிகளில் முஸ்லிம் அறிஞர்கள் உலகுக்கு முன்னோடிகளாக விளங்கினர். இன்று துருக்கியில் தியார்பகிர் என அழைக்கப்படும் ஆமித் நகரில், ஆர்த்துகி மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ 1206இல் தம் பொறியியல் நூலை நிறைவு செய்தார். தாம் உளூச் செய்கையில் பணியாளரோ பணிப்பெண்ணோ அருகில் நின்று தண்ணீர் ஊற்றுவது மன்னருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே தானே தண்ணீர் வார்க்கும் பொறியொன்றை அல்ஜஸரீ வடிவமைத்தார். வசதியும் மறைவும் ஒரே பொறியில் அமைந்தன. வெளியாள் ஒருவரை அது வீட்டிலிருந்து விலக்கியது. புதிதாக எவரையும் உள்ளே அழைத்து வரவில்லை.

எழுத்துகளைச் சுழற்றிச் சேர்த்தால் மட்டுமே திறக்கும் பெட்டிப் பூட்டையும் அந்நூலில் அவர் விவரிக்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில், ஹிஜ்ரி 597இல், இஸ்ஃபஹானைச் சேர்ந்த முஹம்மது இப்னு ஹாமித் அல்அஸ்துர்லாபி செய்த இத்தகைய பூட்டுடன்கூடிய பித்தளைப் பேழை இன்றும் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரிலுள்ள டேவிட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் கைப்பேசியில் இடும் கடவுச்சொல்லின் முன்னோடி அது.

ஆனால் மறைமொழியை உடைக்கும் வழியையும் அரபு உலகமே முதலில் கண்டறிந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே மறைமொழிக் கடிதங்களை வாசித்துவிடலாம் எனக் காட்டினார். வழக்கமாகத் திரும்பத் திரும்ப வருவது எளிதில் பிடிபடும் என்பதே அவர் கண்டுபிடிப்பின் சாரம். பிள்ளையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் கடவுச்சொல்லாக வைப்போர் அல்கிந்தியை நினைத்துக்கொள்வது நல்லது.

கடிதமும் தொலைபேசியும்

வீட்டுக்கு வாசல்கள் கூடியதன் அடுத்த கட்டம் தகவல் தொடர்பு. மலேயாவுக்கும் சிலோனுக்கும் பின்னர் வளைகுடாவுக்கும் சென்ற சபுராளிகளின் குடும்பங்களுக்கு அஞ்சலே உயிர்நாடி. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் மனைவியும் பிறரைக் கொண்டு கடிதத்தைப் படிக்கச் செய்தனர். மனத்திலிருந்ததில் பாதியைச் சொல்லாமல் விழுங்கினர். 1980களில் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் பரவியது. இடையில் வாசிப்பவர் இல்லை என்ற நிம்மதியே அதன் பெரிய ஈர்ப்பு.

தொலைபேசியிலும் இதே கதைதான். 1882 சனவரியில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. இணைப்புத் தர ஒருவர் நடுவே அமர்ந்திருந்தார். அவர் நினைத்தால் கேட்கலாம். அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பு தருபவர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாகச் சந்தேகித்தார். நடுவில் ஆளே தேவைப்படாத தானியங்கி இணைப்பகத்தை உருவாக்கி 1891இல் காப்புரிமை பெற்றார். வசதிக்காக வந்ததென நாம் கருதும் அக்கருவி, உண்மையில் நம்பிக்கை முறிந்ததால் பிறந்தது.

ஒரு கூட்டத்தார் விரும்பாத நிலையில் அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்பவருக்கு மறுமையில் கடும் தண்டனை உண்டு என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் உள்ள நபிமொழி. ஆங்கிலேயரின் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டமும் அரசு இடைமறித்துப் பார்க்க வழி வைத்தே எழுதப்பட்டன.

நீதிமன்றம் ஏறிய வாசல்

சுதந்திர இந்தியாவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவரின் வீட்டுக் கதவைக் காவலர்கள் நள்ளிரவில் தட்டி எழுப்பி, அவர் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்துச் செல்வது வழக்கம். 1962இல் நீதிமன்றம் அந்த நள்ளிரவு வருகையைச் செல்லாது என்றது. ஆனால் தனிமறைவு ஓர் அடிப்படை உரிமை என்பதை ஏற்கவில்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு 1996இல் சில நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தனிமறைவு அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவருடைய தகவலைப் பெற அவருடைய சம்மதம் தேவை என்பதே அதன் அடித்தளம். அனுமதி கேட்டு நுழைதல் என்ற பழைய ஒழுங்கு, சட்ட மொழியில் மீண்டும் ஒலிக்கிறது.

நாமே திறந்து வைக்கும் துவாரங்கள்

சட்டம் வந்தும் துவாரம் அடைபடவில்லை. 2016இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்குமுள்ள இணையக் கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் கைப்பற்றியது. அதற்குப் பெரிய சூழ்ச்சி தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கருவிகளில், வழக்கமான அறுபது சொச்சம் சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததே போதுமானதாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகளைக் கொண்டே பெரும் இணையதளங்கள் பல முடக்கப்பட்டன.

நம் நாட்டில் நடந்தது இதைவிட வேதனையானது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டிலுள்ள மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெண்கள் ஊசி போட்டுக்கொள்ளும் அறையின் கேமராக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. விசாரணையில், பல மாநிலங்களின் மருத்துவமனைகள், பள்ளிகள், அலுவலகங்கள், வீட்டுப் படுக்கையறைகள் எனப் பல்லாயிரம் பதிவுகள் களவாடப்பட்டது வெளிவந்தது. அங்கும் மாற்றப்படாத எளிய கடவுச்சொற்களே திருடருக்குக் கதவைத் திறந்துவிட்டன. பாதுகாப்புக்கென வைத்த கண் அந்நியரின் கண்ணாயிற்று.

நம் சமுதாயத்தைத் தனியே தொட்ட நிகழ்ச்சியும் உண்டு. 2020 நவம்பரில், கோடிக்கணக்கான முஸ்லிம்கள் தொழுகை நேரத்துக்கும் கிப்லாவுக்கும் பயன்படுத்திய முஸ்லிம் ப்ரோ செயலியிலிருந்து பயனாளர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குச் சென்றதும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததும் செய்தியாக வெளிவந்தன. செயலியை நடத்தியோர் அந்தத் தொடர்பை உடனே முறித்துக்கொள்வதாக அறிவித்தனர். 2024 சனவரியில், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களுக்குச் சென்றுவரும் தகவலை விற்க எக்ஸ்-மோடின் வழிவந்த நிறுவனத்துக்கு அமெரிக்க வணிக ஆணையம் தடை விதித்தது.

தொழுகை நேரம் அறிய நம் வீட்டின் துல்லியமான இடம் தேவையா என்று எண்ணிப் பாருங்கள். கிழக்கு மேற்காக ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வேறுபடும். அந்தக் கணக்கில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு அரை நிமிடம்கூட வராது. ஊரின் பெயரை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் ஐந்து வேளையும் சரியாகவே வரும். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் அட்டவணை எவருடைய இருப்பிடத்தையும் கேட்டதில்லை.

பழைய ஒழுங்கில் புதிய கருவி

மேலே கண்ட வரலாற்றிலிருந்தே நம் வீட்டுக்கான வழிமுறைகள் கிடைக்கின்றன. காவல் வெளியே பார்க்கட்டும்: கேமரா தலைவாசலிலும் கொல்லைப்புறத்திலும் இருக்கலாம், அதன் பார்வை அண்டை வீட்டு முற்றத்தில் விழக் கூடாது. கூடத்திலும் படுக்கையறையிலும் அது வேண்டாம். நோயாளிக்காகத் தவிர்க்க முடியாமல் உள்ளே வைத்தால், குர்ஆன் சொன்ன மூன்று நேரங்களிலாவது அணைந்திருக்கட்டும். பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஒலிபெருக்கியும் தொலைக்காட்சியும் இருந்தால், குடும்பம் கூடிப் பேசும் வேளையில் ஒலிவாங்கியை அணைத்துவிடலாம்.

பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். பொருத்த வந்தவர் அமைத்துத் தந்ததையும் அவர் சென்றபின் மாற்றுவதே முறை. புதிய பூட்டு வாங்கினால் ஆசாரியிடம் ஒரு சாவியை விட்டு வைப்போமா? வைஃபைக்கும் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறு சொற்கள் வேண்டும். கருவிக்கு நிறுவனம் அனுப்பும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது. கைப்பேசியில் எந்தச் செயலி இருப்பிடத்தையும் ஒலிவாங்கியையும் கேட்கிறது என்பதை மாதம் ஒருமுறை பார்த்து, தேவையற்றதை விலக்குவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் வாழ்வோரிடம் கேட்க வேண்டும். கருவிக்குப் பணம் கொடுத்தவரின் சம்மதத்தால் அங்கே வாழும் தாயின், மனைவியின், மருமகளின் சம்மதம் கிடைத்ததாக ஆகிவிடாது. அவர்கள் வேண்டாம் என்றால், அது திரும்பிச் செல்லுங்கள் என்ற வீட்டாரின் சொல். மனத்தாங்கலின்றித் திரும்புவதே நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம்.

மீண்டும் அந்தக் கூடம்

பெரியம்மாவின் மகனோடு நானே பேசினேன். அறையில் உள்ளவர்களைப் பற்றித் தாய் சொன்னதைக் கேட்டதும் அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார். “நீ ஒரு வார்த்தை கேட்கலையே” என்று சொல்ல நாவரை வந்தது. சொல்லவில்லை. அவரே புரிந்துகொண்டார்.

அன்று மாலையே தாயை அழைத்துக் கேட்டார். இன்று அந்தக் கேமரா தலைவாசலுக்கு மேலே தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குளியலறையில் வழுக்காத தரையும் பிடிமானக் கம்பியும் வந்துள்ளன. வீட்டின் மாற்றுச் சாவி பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் இருக்கிறது. லுஹருக்குப் பின்னும் இஷாவுக்கு முன்னும் மகன் தவறாமல் அழைக்கிறார். தாய் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு அழைப்பு போகிறது. இதில் ஆபத்து முழுதும் நீங்கிவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். அவர் விழுந்தால் மகன் உடனே காணமுடியாது. பெரியம்மா அதை அறிந்தே இதைத் தேர்ந்தெடுத்தார்.

கடந்த வாரம் மீண்டும் சென்றிருந்தேன். கூடத்தில் ஈரக் கூந்தலை விரித்து உலர்த்தியபடி அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். வாசலின் ஓரமாக நின்று ஸலாம் கூறினேன். “வா தம்பி, உள்ள வா” என்றார்.

வல்ல நாயன் நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக! நம் குறைகளையும் மறைவுகளையும் இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வானாக! பிறருடைய மறைவைப் பேணுவோராக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.